விஷ்ணுசித்தர் வீட்டுத் தண்ணீர்

ஸ்ரீவில்லிபுத்தூரின் கோடையைப் பற்றி எழுதியவர்களுள் மிகப் பெரிய பதவியில் இருந்தவர் அந்த ஊர்க்காரர் அல்லர். தமிழில் எழுதியவரும் அல்லர். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர்தான் அவர். கலிங்கப் படையெடுப்பின்போது ஸ்ரீகாகுளத்து ஆந்திர விஷ்ணு கனவில் தோன்றி, தன் கதையைத் தெலுங்கில் பாடச் சொன்னதாக அவரே முன்னுரைக்கும் ‘ஆமுக்த மால்யதா’ என்னும் காவியம், நம் ஆண்டாளையும் அவள் தந்தை பெரியாழ்வாராகிய விஷ்ணுசித்தரையும் பற்றியது. சூடிக் கொடுத்தவள் என்பதே அத்தலைப்பின் பொருள். பேரரசர் ஒருவர் வில்லிபுத்தூரின் வயல்களையும் வாய்க்கால்களையும் வீட்டுத் திண்ணைகளையும் இத்தனை நெருக்கமாகப் பார்த்திருப்பது இன்றும் வியப்பளிப்பது.

அந்தக் காவியத்தின் முதல் பகுதியில் விஷ்ணுசித்தர் வீட்டு விருந்தோம்பல் வருகிறது. நள்ளிரவிலும் அவ்வீட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும்: கறிகள் அதிகமில்லை, சூடாக இல்லை, பலகாரம் இல்லை, சோறும் அத்தனை நேர்த்தியில்லை, தயைகூர்ந்து உண்ணவேண்டும் என்று. இந்த மன்னிப்புக் கோரலை மட்டும் ராயர் சமஸ்கிருதத்திலேயே வைத்திருக்கிறார். பிறகு பருவந்தோறும் அங்கு என்ன பரிமாறப்பட்டது என்று பட்டியலிடுகிறார். மழைக்காலத்துக்குப் பருப்பும் கறிகளும் வற்றலும் தயிரும். கோடைக்கு இளஞ்சூடான சோறு, இனிப்பான சாறு, நீர்த்த கூழ், கரும்புச்சாறு, இளநீர், பழங்கள், மாவடு, நீர்மோர். இவற்றுக்கு நடுவே ஓர் உணவுவகைபோலவே ஒன்று எண்ணப்பட்டிருக்கிறது: ‘சுகந்தி சீதஜலம்’, அதாவது மணமுள்ள குளிர்ந்த நீர்.

தண்ணீரை ஒரு பதார்த்தமாகப் பட்டியலில் சேர்ப்பதற்கு அதில் உழைப்பு இருந்திருக்க வேண்டும். கிணற்றிலிருந்து இறைத்து அப்படியே வைத்த நீரை எவரும் விருந்துப் பட்டியலில் எழுதுவதில்லை. இங்கே ஒரு சொல் ஆசை காட்டுகிறது. தெலுங்கில் ‘சுகந்தி’ என்பது நன்னாரியின் பெயரும்கூட. விஷ்ணுசித்தர் வீட்டில் பரிமாறப்பட்டது நன்னாரி ஊறிய நீர்தான் என்று சொல்லிவிட நாக்கு துடிக்கிறது. ஆனால் அவ்விடத்தில் அது ‘நறுமணமுள்ள’ என்னும் அடைமொழியாக நிற்பதே இயல்பு என்று எனக்குப் படுகிறது. ஒரு மன்னரின் அடைமொழியைப் பிடுங்கி வேராக ஊன்றும் துணிவு நமக்கு வேண்டாம்.

காவியத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பக்கத்து ஊரான இராஜபாளையத்தைச் சேர்ந்த மு. கு. ஜகந்நாத ராஜா (1933–2008). தெலுங்கு மட்டுமல்லாமல் சமஸ்கிருதம், பிராகிருதம், பாலி என்று பல மொழிகளுக்குள் புழங்கியவர். 1989ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு இந்நூலுக்காக அவருக்குக் கிடைத்தது. விஜயநகர காலத்தின் தொடர்ச்சியாகத் தெற்கே வந்து குடியேறிய தெலுங்கு பேசும் ராஜுக்களின் ஊர் அது. வில்லிபுத்தூரைப் பற்றி விஜயநகரத்தில் எழுதப்பட்ட கதை, ஏறக்குறைய நானூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஒருவர் கையால் ஊர் திரும்பியது.

சரி, நீருக்கு மணம் ஏற்றியது எப்படி? ராயர் செய்முறை சொல்லவில்லை. தமிழில் அதைச் சொல்லும் இடம் சமையல் நூலில் இல்லை, நீதிநூலில் இருக்கிறது. நாலடியாரில் கல்வி என்னும் அதிகாரத்தில், கற்றவரோடு பழகினால் கல்லாதவர்க்கும் அறிவு வரும் என்று சொல்ல வந்த புலவர் ஓர் உவமையைக் கையாள்கிறார். பாதிரிப்பூ சேர்ந்த புதிய மண்பாண்டம் தன்னுள் இருக்கும் தண்ணீருக்கு மணம் தருவதைப்போல என்கிறார். உரையாசிரியர்கள் இதை விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாம் சற்றுத் தங்கலாம். பூ நேராக நீருக்கு மணம் தருவதாகப் புலவர் சொல்லவில்லை. பூவிலிருந்து ஓட்டுக்கும் ஓட்டிலிருந்து நீருக்கும் மணம் செல்கிறது. உவமையின் பொருத்தமே அந்த இடைநிலையில்தான் இருக்கிறது. அதுவும் பழைய பானை அல்ல, புத்தோடு.

ஏன் புதியது? சூளையிலிருந்து வந்த மண்பானையின் சுவர் முழுக்க நுண்துளைகள். அத்துளைகள் மணத்தையும் பிடித்துக்கொள்ளும், நீரையும் மெல்லக் கசியவிடும். கசிந்த நீர் வெளிச்சுவரில் ஆவியாகும்போது தனக்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருக்கும் நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி தேவை. கணக்குப்படி, பானை நீரில் நூற்றில் இரண்டு பங்கு ஆவியானாலே எஞ்சிய நீர் பதினோரு டிகிரிக்கு மேல் குளிரவேண்டும். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே ஏறிக்கொண்டிருப்பதால் நடைமுறையில் அவ்வளவு குளிர்வதில்லை. காற்று உலர்ந்திருக்கும் இடங்களில் பானை நன்றாக வேலை செய்யும். கடற்கரையின் புழுக்கத்தில் சோம்பிக் கிடக்கும். மேற்கு மலையின் மழைமறைவில் இருக்கும் இராஜபாளையமும் வில்லிபுத்தூரும் சென்னையைவிடப் பானைக்கு உகந்த ஊர்கள். ஆனால் உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிவந்தால் துளைகள் விரைவில் அடைபட்டுவிடும். பிறகு பானை வெறும் பாத்திரம். பழைய வீடுகளில் கோடைதோறும் புதுப்பானை வாங்கியதைச் சடங்கு என்று நினைத்திருந்தோம்.

பாதிரி வேனிலின் பூ. வடமொழியில் பாடலம். காளிதாசனின் சாகுந்தலம் தொடங்கும்போதே கோடைக்காற்று அப்பூவின் மணத்தோடு வீசுகிறது. கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த மரம் அதுவே. இன்று பாதிரியைக் கோயில் தலமரமாகவன்றி வேறெங்கும் எளிதில் காண முடியாது. பானைக்குள் அதன் இடத்தை வெட்டிவேர் எடுத்துக்கொண்டது. பிரெஞ்சு வழியாக உலக வாசனைத் தொழிலுக்கே ‘வெட்டிவேர்’ என்ற பெயரைத் தந்தது தமிழ்தான். பாரிஸ் அத்தர் புட்டிகளில் நம் சொல் ஒட்டியிருக்கிறது.

எதிர்ப் பருவத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. நக்கீரரின் நெடுநல்வாடையில் கூதிர்க்காலத் துவலை தூவும்போது, குறுகிய வாயுடைய கன்னலில் இருக்கும் தண்ணீரை எவரும் குடிக்காமல் நெருப்பை நாடுகிறார்கள். குளிர்ந்த நீருக்கென்றே வாய் குறுகிய தனிப் பாத்திரம் இருந்ததை அதன் புறக்கணிப்பிலிருந்து அறிகிறோம். இலக்கியம் பல பொருள்களை இப்படித்தான், வேண்டாம் என்று ஒதுக்கும் நேரத்தில், நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர்க்கு: கைப்பிடியளவு வெட்டிவேரை மண் போக நான்கைந்து முறை அலசி, வெயிலில் உலர்த்தி, மெல்லிய வெள்ளைத் துணியில் முடிந்து, பானையில் இரவே போட்டுவிட வேண்டும். அதன் எண்ணெய் நீரில் கரைவது மிகச் சொற்பம். ஆகவேதான் அரை நாளாவது பொறுத்திருக்க வேண்டியிருக்கிறது, ஆகவேதான் மணமும் நாக்கில் படாமல் மூக்குக்குப் பின்னால் எங்கோ நிற்கிறது. நீரை நாள்தோறும் மாற்றி, முடிச்சை வெயிலில் காயவைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் வரும். கொதிக்கவைத்து ஆறிய நீர் என்றால் இன்னும் நல்லது.

வில்லிபுத்தூரில் மணநீருக்கு இன்னொரு மரபு நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது. அதை நாம் பானமாக எண்ணுவதில்லை. பெருமாள் கோயில் தீர்த்தம்தான் அது. ஏலம், கிராம்பு, ஜாதிக்காய், பச்சைக் கற்பூரம் ஆகியவற்றைப் பொடித்துச் சேர்த்துத் துளசியிட்ட நீர். ஆண்டாள் கிடைத்ததாகச் சொல்லப்படும் இடமே பெரியாழ்வாரின் நந்தவனத்துத் துளசிச் செடியடி. ஆனால் அந்த உள்ளங்கை நீரில் உள்ளூர்ச் சரக்கு துளசி மட்டும்தான். ஏலம் மேற்கு மலையினுடையது என்பதால் அண்டை வீட்டுச் சரக்கு. கிராம்பு மொலுக்கஸ் தீவுகளிலிருந்தும், ஜாதிக்காய் பண்டா தீவுகளிலிருந்தும், கற்பூரம் சுமத்ராவிலிருந்தும் கப்பலேறி வந்தவை. சுமத்ராவின் பாரூசுத் துறை கற்பூரத்துக்கே பெயர்பெற்றது. அங்குள்ள லோபு துவாவில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழு பொறித்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஐச் சேர்ந்தது. அரிசியளவு கற்பூரம் ஒரு குடம் நீருக்கு மணம் தருவதற்குப் பின்னால் ஒரு கடல் கிடக்கிறது. (அரிசியளவு என்பதை அப்படியே கொள்ளவேண்டும். பச்சைக் கற்பூரம் அளவு மீறினால் நஞ்சு, சிறு குழந்தைகளுக்கு அறவே கூடாது. ஆரத்திக்கான சூடத்தை ஒருபோதும் நீரில் இடக்கூடாது.)

பானகம் இதன் செல்வந்தத் தம்பி எனலாம். நூறு கிராம் வெல்லத்தை முக்கால் லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டி, சுக்கு, ஏலம், எலுமிச்சைச் சாறு, சில துளசி இலைகள். ராமநவமிக்குத் தெலுங்கு நாடெங்கும் இது பாசிப்பருப்போடு சேர்ந்து வரும். மங்களகிரி நரசிம்மருக்குப் பானகத்தை வாயிலேயே ஊற்றுவார்கள். பாதியை ஏற்றுப் பாதியைத் திருப்பித் தருவதாக நம்பிக்கை.

நன்னாரிக்கு வருவோம். மலையோரத்துப் புதர்க்கொடி, வேரைக் கீறினால் வனிலாவைப்போல ஒரு மணம். வனிலாவின் வனிலினும் நன்னாரியின் மணப்பொருளும் ஒரே அணுக்களை வேறு வரிசையில் கொண்டவை என்று வேதியியலார் சொல்கிறார்கள். சென்னை மாகாணத்தில் மருத்துவராயிருந்த ஒயிட்லா எய்ன்ஸ்லி தம் நூலில் இதைக் குறித்தார். 1864இல் பிரிட்டிஷ் மருந்து நூலில் இதற்கு இடம் கிடைத்தது. அமெரிக்கச் சார்சபரில்லாவுக்கு மலிவான மாற்று என்பதே அங்கே அதன் தகுதி. சர்பத் என்னும் அரபுச் சொல்லோடு அது எப்போது கைகோத்ததோ, தென்மாவட்டங்களின் பேருந்து நிலையங்களில் இன்று இரண்டையும் பிரிக்க முடியாது. வீட்டில் சர்க்கரைப் பாகு காய்ச்சாமலே செய்யலாம். வேரைத் தட்டி, நடுவிலுள்ள மரத்தண்டை எறிந்துவிட்டு, பட்டையை மட்டும் இரவு முழுதும் மூடிய பாத்திர நீரில் ஊறவிட வேண்டும். மணம் முழுதும் பட்டையில்தான் இருக்கிறது. சந்தையில் நன்னாரி என்று விற்பதில் ஒரு பகுதி மாகாளிக் கிழங்கின் வேர். மணம் ஏறக்குறைய அதுவே, செடி வேறு. அளவுமீறித் தோண்டப்பட்டு அருகிவரும் செடி.

தோண்டுபவர்கள் யார் என்ற கேள்வி இங்கே எழுகிறது. வில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் வாழும் பளியர்கள் தேனும் கிழங்கும் வேரும் சேகரித்துப் பிழைத்தவர்கள். அக்காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமானது. அணிலும் புலியும் காக்கப்பட வேண்டியவையே. ஆனால் கீழே நகரத்துக் கண்ணாடிக் குவளையில் மணக்கும் வேர், மேலே அனுமதிச் சீட்டோடு இணைந்த ஒரு பொருளாகிவிட்டது என்பதையும் மணநீரின் வரலாற்றில் எழுதித்தான் ஆகவேண்டும்.

பானையையும் பூவையும் இலக்கியம் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. அது அவ்வளவாகப் பேசாதது கையைப் பற்றி. நீரை வார்த்த கை, ஏந்திய கை.

பிராகிருதத்தின் காதா சப்தசதியில் புகழ்பெற்ற ஒரு காட்சி உண்டு. தண்ணீர்ப் பந்தலில் வழிப்போக்கன் ஒருவன் குழித்த கைகளை வாயருகே ஏந்தி, மேலே அவள் முகத்தைப் பார்த்தபடி, விரல்களை விரித்து நீரை ஒழுகவிடுகிறான். நேரம் நீளட்டும் என்று. வார்ப்பவளும் ஒழுக்கை மெலிதாக்குகிறாள். காதல் கவிதையாக இதைவிடச் சிக்கனமான ஒன்றைச் சொல்வது கடினம். ஆனால் அந்தக் காதல் நிகழ ஒரு வழக்கம் தேவைப்பட்டிருக்கிறது: குவளை கொடுப்பதில்லை, கையில்தான் வார்ப்பது. வழிப்போக்கன் யாரென்று தெரியாதல்லவா?

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வேறொரு பந்தலைக் காட்டுகிறார். திங்களூரில் அப்பூதியடிகள் என்னும் அந்தணர், தாம் கண்டிராத வேளாளர் ஒருவரின் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்திருக்கிறார். அவ்வழியே வரும் திருநாவுக்கரசர் பந்தலில் தம் பெயரே எழுதியிருக்கக் காண்கிறார். தண்ணீர்ப் பந்தலை அடியார் வரலாற்றின் நடுவில் வைத்ததோடு, பெயர் யாருடையது என்பதைக் கதையின் முடிச்சாகவும் ஆக்கிய கவிஞர் அவர். ஆனால் கதையில் நிகழ்ந்தது தெருவில் எளிதாக நிகழவில்லை. இருபதாம் நூற்றாண்டுவரை ஊர்ப்புறத்துப் பந்தல்களில் சிலருக்குச் செம்பு, சிலருக்குக் கை, சிலருக்குத் தள்ளி நின்று ஏந்திய கொட்டாங்குச்சி. இரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று பானைகள் பிரிந்தன. தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை நம் தலைமுறையே பார்த்திருக்கிறது. பொதுக் கிணறும் குளமும் நீர்நிலையும் எவருக்கும் மறுக்கப்படலாகாது என்று சொல்வதற்குச் சென்னை மாகாணத்தில் 1938இல் எம். சி. ராஜா முன்வைத்த ஒரு சட்டம் தேவைப்பட்டது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு அதை மறுபடியும், கிணறு, குளம், குளிக்கும் துறை என்று பெயர் சொல்லியே எழுதவேண்டியிருந்தது.

கோயில் தீர்த்தமும் விலக்கல்ல. முதல் தீர்த்தம் யாருக்கு என்பது தமிழ்நாட்டுக் கோயில்களில் பரம்பரை மரியாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இத்தகைய மரியாதைகள் நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலை முன்வைத்து அர்ஜுன் அப்பாதுரை 1981இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த மரியாதைகளின் அரசியலை விரிவாகப் பேசுகிறது. அரை உத்தரணி ஏலக்காய் நீருக்காக வக்கீல் வைத்தார்கள் என்று நகைப்பது எளிது. அங்கே வழக்காடப்பட்டது நீர் அல்ல, வரிசையில் நிற்கும் இடம்.

இந்த வெளிச்சத்தில் மறுபடியும் ராயரின் காவியத்துக்குப் போனால், அதே நூலின் இறுதிப் பகுதியில் மாலதாசரி நிற்கிறான். நம் மரபில் நம்பாடுவான். திருக்குறுங்குடிப் பெருமாளை இரவின் கடைசிச் சாமத்தில் பாட வருபவன். தீண்டப்படாத குலத்தவன். வழியில் பிரம்மராட்சசனிடம் பிடிபட்டு, பாடிவிட்டுத் திரும்பி வருவதாக வாக்களித்து, சொன்னபடி திரும்பியவன். ராட்சசனுக்கு விடுதலை அவன் பாட்டின் பலனால் கிடைக்கிறது. ஆனால் பாடியபோது அவன் நின்றது கோயிலுக்கு வெளியே. விஷ்ணுசித்தர் வீட்டில் வழிநடையாக வந்த வைணவர்க்கெல்லாம் சுகந்தி சீதஜலம் பரிமாறிய கவிஞரே இவனையும் பாடியிருக்கிறார். முதல் பகுதியின் வீட்டுக்கு இறுதிப் பகுதியின் பாடகன் ஒரு கோடை நண்பகலில் வந்திருந்தால் எந்தப் பாத்திரத்தில் தந்திருப்பார்கள்? நூல் இதைக் கேட்கவில்லை. வாசிக்கும் நாம் கேட்காமலிருக்க முடியவில்லை.

பிறகு வந்தது புட்டிகளின் காலம். 1872இல் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற கோலி சோடாப் புட்டி, 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க், பிறகு அமெரிக்கக் கோலாக்கள், 2017 மார்ச்சில் அவற்றை விற்க மாட்டோம் என்ற வணிகர் சங்கங்களின் அறிவிப்பு, அதற்கு முன்பே 2013இல் அரசு பத்து ரூபாய்க்கு விற்ற புட்டித் தண்ணீர், 2019இல் பிளாஸ்டிக் உறைத் தண்ணீருக்குத் தடை. புட்டி ஒரு நல்லதைச் செய்தது: காசு கொடுத்தவன் எவனாயினும் வாய் வைத்துக் குடிக்கலாம். காசில்லாதவனுக்கு அதில் இடமில்லை என்பது மறுபக்கம்.

இப்போது நகரங்களில் கண்ணாடிக் குடுவையில் எலுமிச்சை வில்லைகளும் வெள்ளரியும் புதினாவும் மிதக்கும் நீர் புதிதாக வந்திருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. எலுமிச்சையைத் தோலோடு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஊறவிட்டால் கசக்கும், ஆகவே தோலைச் சீவிவிடலாம்; புதினாவை நசுக்காமல் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டிப் போட்டால் போதும்; வெட்டிய பழம் போட்ட நீரை வெளியே வைத்தால் சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். கோடையில் இராஜபாளையத்து மாம்பழம் வந்தால், துண்டுகளை நீரில் போடாமல் அப்படியே தின்பதே அதற்கு நாம் செய்யும் மரியாதை. ஆனால் இந்தக் குடுவை ஒருவருக்கானது, மேசையில் இருப்பது. திண்ணைக்கு வருவதில்லை.

பந்தல் முற்றாக மறையவில்லை. ஆடிப்பூரத் தேரின்போதும் பங்குனி, சித்திரை வெயிலிலும் தென்மாவட்ட ஊர்களின் தேரடிகளிலும் கடைவீதிகளிலும் கீற்றுக் கொட்டகைகள் முளைக்கின்றன. நீர்மோர், பானகம், அல்லது மண்பானையில் வெட்டிவேர் முடிச்சு. பல இடங்களில் பானைக்குப் பதில் நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாய். அதில் நீர் குளிர்வதில்லை, வேர் மட்டும் தன் வேலையைச் செய்கிறது. குழாயருகே ஒரு எவர்சில்வர் டம்ளர் சங்கிலியில் கட்டித் தொங்கும். திருட்டுக்குப் பயந்து கட்டியதுதான். வருகிறவர்கள் அதே டம்ளரை எடுத்து, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டு, கழுவாமலே அடுத்தவரிடம் நீட்டிவிட்டுப் போகிறார்கள்.